கண் மெலனோமாவுக்குக் கதிர்ச் சிகிச்சை செய்தால் அம்மாவுக்குப் பார்வை எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி இதுதான். புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு வயது 57. இடது கண்ணின் உள்ளே, விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த கொரொயிட் படலத்தில் மெலனோமா, அதாவது நிறமி உயிரணுக்களில் வரும் புற்றுநோய்க் கட்டி. கட்டியின் உயரம் 4 மில்லிமீற்றர், அகலம் 10 மில்லிமீற்றர். பார்வை மையத்துக்குக் கிட்ட இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் கண்ணில் பார்வை 6/12. பல வருடமாகச் சீனி வருத்தமும் உண்டு. இந்தியாவுக்குப் போனால் றுத்தேனியம் பிளாக், அதாவது கண்ணின் வெளிச்சுவரில் சில நாள் தைத்து வைக்கும் கதிர்த் தகடு, வைக்கலாம் என்று கண் வைத்திய நிபுணர் சொல்லியிருக்கிறார். மகள் கேட்கிறார்: "கனடாவில் இருக்கும் அண்ணா, கதிர் வைத்தால் எப்படியும் பார்வை போய்விடும், அதைவிடக் கண்ணை எடுத்துவிடுவது மேல் என்கிறார். இன்னொருவர் பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?"

தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் சரி. முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இடது கண்ணில் மையப் பார்வை, அதாவது வாசிக்கவும் ஊசிக்கு நூல் கோக்கவும் முகம் அறியவும் தேவையான பார்வை, அடுத்த சில வருடங்களில் குறைய நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது சிகிச்சை முடிந்த கையோடு குறைவதில்லை. முதல் வருடம் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றரை வருடம் தாண்டிய பிறகு, அநேகமாக மூன்று வருடத்துக்குள், மெல்லத் தேயத் தொடங்கும். அந்தத் தேய்வைத் தள்ளிப்போடவும் ஓரளவு தடுக்கவும் இன்று மருந்து இருக்கிறது. அது கிளினிக்கைத் தவறவிடாதவர்களுக்குத்தான் பயன்படும். பார்வைக்கான பாதி வேலை பிளாக்கைக் கழற்றிய பிறகுதான் தொடங்குகிறது. வன்னியிலிருந்து போகிறவர்கள் கோட்டைவிடுவதும் அந்தப் பாதியில்தான்.

அண்ணாவின் யோசனைக்கு வருவோம். கண்ணை எடுத்தால் உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். கட்டியை வேரோடு எடுத்த மாதிரி ஒரு நிம்மதி. இதைச் சோதித்துப் பார்க்கவே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1987 முதல் 1998 வரை, நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல ஒரு பாதிப் பேருக்குக் கண்ணை எடுத்தார்கள், மறு பாதிப் பேருக்கு அயடீன்-125 பிளாக் வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், கண்ணை எடுத்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் உயிரோடு இருந்தார்கள். பிளாக் வைத்தவர்களில் 82 பேர். பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தும் வித்தியாசம் வரவில்லை. ஆகவே அம்மாவின் அளவுக் கட்டிக்கு, உயிருக்காகக் கண்ணை எடுக்க வேண்டும் என்ற வாதம் நிற்காது. கட்டி மிகப் பெரிதாக இருந்தால், அல்லது கண் ஏற்கெனவே வலியும் அழுத்தமுமாகக் கெட்டுப்போயிருந்தால், அது வேறு கதை. 4 மில்லிமீற்றர் உயரம் அந்த வகைக்குள் வராது.

பிளாக் வைத்தால் கட்டி மறுபடி வளராதா என்றும் கேட்பீர்கள். வளரலாம். அதே ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கட்டி கட்டுப்படவில்லை. எட்டில் ஒருவருக்கு, பிளாக் வைத்த பிறகும் கண்ணை எடுக்க வேண்டி வந்தது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு அவர்களுடைய கண் அவர்களிடமே இருந்தது.

இனிப் பார்வைக் கணக்கு. இதை நான் மென்று விழுங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்துகொண்டு போகிறவர்கள்தான் பிறகு உடைந்துபோக மாட்டார்கள். மேலே சொன்ன ஆய்வில் பிளாக் வைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு, மூன்று வருடத்துக்குள் அந்தக் கண்ணின் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழே போயிருந்தது. 49 பேர் பார்வைப் பலகையில் ஆறு வரி அல்லது அதற்கு மேல் இழந்திருந்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள கண் புற்றுநோய்ப் பிரிவு 1,106 பேரை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியிட்ட கணக்கில், 6/60 அல்லது அதற்கும் கீழே போனவர்கள் ஐந்தாம் வருடத்தில் நூற்றுக்கு 34, பத்தாம் வருடத்தில் 68.

6/60 என்றால் என்ன என்று தெரியாமல் இந்த எண்களைப் பார்த்தால் பயம்தான் வரும். கிளினிக்கில் 6 மீற்றர் தூரத்தில் தொங்கும் பலகையில் உச்சியில் ஒரு பெரிய எழுத்து இருக்குமே, அது மட்டும் தெரிகிற நிலை அது. நல்ல கண் உள்ளவர் 60 மீற்றரில் நின்றே அதை வாசித்துவிடுவார். அந்தக் கண்ணால் பத்திரிகை வாசிக்க முடியாது. ஆனால் அது இருட்டு இல்லை. பக்கத்தால் ஆள் வருவது தெரியும், கதவு நிலை தெரியும், முற்றத்தில் மாடு நிற்பது தெரியும். கட்டி இருந்த இடத்துக்கு நேரான பகுதியில் ஒரு மறைப்பு இருக்கும். மற்றப் பக்கங்களில் ஓரப் பார்வை பல பேருக்கு நின்றுபிடிக்கிறது. கண்ணை எடுத்தவருக்கு அந்த ஓரப் பார்வை அன்றைக்கே போய்விடும். அண்ணா இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்த எண்கள் எல்லாம் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் வருவதற்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடையவை. அவர்களில் அநேகமானோர் வெள்ளைத் தோல் உள்ளவர்கள், ஏனென்றால் இந்த நோய் அவர்களிடத்தில்தான் அதிகம். நம்மவர்களுக்கு வருவது அபூர்வம். அதனால்தான் நமது பக்கக் கிளினிக்குகளில் இதைப் பற்றி அனுபவத்தோடு பேச ஆள் குறைவு. நானும் கண் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன்தான். சீனி வருத்தத்தால் கண்ணின் நடுப்பகுதி வீங்கியவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். மெலனோமாவை அரிதாகத்தான் பார்த்தேன். ஆனால் கதிர் பட்ட கண்ணில் பின்னால் நடப்பதும் சீனி வருத்தம் கண்ணில் செய்வதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதனால் இது நமக்குத் தெரியாத நோய் மாதிரித் தோன்றினாலும், அதன் பின்விளைவு நமக்குப் பழகிய விளைவுதான்.

என்ன நடக்கிறது என்றால், கட்டியை அழிக்கிற கதிர், பக்கத்தில் இருக்கும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் பழுதாக்குகிறது. அந்தச் சுவரின் உயிரணுக்கள் உடனே விழுவதில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விழும். மாரி முடிந்த பிறகு வாய்க்கால் கரை உள்ளுக்குள் அரிபட்டு, பிறகு ஒரு நாள் கசியத் தொடங்குகிற மாதிரித்தான். குழாய் கசிந்தால் நீர் தேங்கி மக்கியூலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கும். குழாய் அடைபட்டால் அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. வீக்கத்தை மருந்தால் வற்றவைக்கலாம். இரத்தம் போகாமல் செத்த இடத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எனவே வீக்கமாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

யாருக்குப் பார்வை நிற்கும், யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் கட்டி இருக்கும் இடத்துக்குத்தான். எந்த மெஷின், எந்த நாடு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நடுக்குழியிலிருந்தும் (மக்கியூலாவின் நடுவே மிகக் கூர்மையான பார்வை தரும் சின்னக் குழி) பார்வை நரம்பிலிருந்தும் தள்ளி, கண்ணின் முன்பக்கமாக இருக்கும் சின்னக் கட்டி என்றால், வருடக்கணக்கில் வாசிக்கும் பார்வையோடு இருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு கற்றராக், அதாவது கண்புரை, சீக்கிரம் வரும். அதை வழக்கமான சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். பார்வை குறைந்ததற்குக் காரணம் வெறும் கற்றராக் என்றால் அது நல்ல செய்தி. கட்டி மையத்துக்குக் கிட்ட இருந்தால், அதை முழுதாக மூட வேண்டுமென்பதால் மையத்துக்கும் கதிர் படாமல் தவிர்க்க முடியாது. கட்டியின் விளிம்பைத் தாண்டியும் 2 மில்லிமீற்றர் அளவு சேர்த்து மூடுவது வழக்கம். அந்த விளிம்பைக் குறைத்துப் பார்வையைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். கட்டி தப்பினால் பார்வையும் போகும், கண்ணும் போகும்.

அடுத்தது கட்டியின் உயரம். பிளாக் கண்ணின் வெளிச்சுவரில் இருக்கிறது. கட்டியின் உச்சி வரை போதுமான கதிர் போக வேண்டும். உயரம் கூடினால் அடியில் படும் கதிரும் கூடும். றுத்தேனியம்-106 வெளிவிடுவது பீற்றாக் கதிர். அது அதிகத் தூரம் போகாது. அதனால் 5, 6 மில்லிமீற்றருக்கு மேல் உயரமான கட்டிக்கு அது பெரும்பாலும் போதாது, அயடீன்தான் வைப்பார்கள். ஆனால் அம்மாவுடையது போன்ற 4 மில்லிமீற்றர்க் கட்டிக்கு அந்தக் குறுகிய பாய்ச்சல்தான் நன்மை: கட்டிக்கு அப்பால் உள்ள பகுதிகள் தப்புகின்றன. கிழக்கு பெர்லினில் 1960களில் தொடங்கிய முறை இது, புதுப் பரிசோதனை இல்லை. மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் றுத்தேனியம் பிளாக்கை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. அதனால் இந்தியாவில் இதைச் செய்வது ஐரோப்பாவில் செய்வதற்குக் குறைந்தது என்று நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. வெளியிலிருந்து இயந்திரத்தால் பாய்ச்சும் புரோட்டோன் கதிர் என்று அண்ணா சொல்லக்கூடும். 1975இல் பொஸ்டனில் தொடங்கியது. கட்டியை அடக்குவதில் மிக நல்லது. கதிரின் ஓரம் கூர்மையாக வெட்டினாற்போல நிற்கும். ஆனாலும் கட்டி நடுக்குழியோடு ஒட்டியிருந்தால் புரோட்டோனாலும் நடுக்குழியை விலக்கிவிட முடியாது. அதற்காகக் காணி விற்று வேறு நாட்டுக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, சீனி வருத்தம். அம்மாவின் விஷயத்தில் நம் கையில் இருப்பது இதுதான். ஏற்கெனவே சீனியால் பலவீனப்பட்ட குழாய்களின் மேல் கதிரும் பட்டால் சேதம் கூடும். அந்தப் பெரிய ஆய்விலும் சீனி வருத்தம் இருந்தவர்களுக்குப் பார்வை இழப்பு அதிகமாக இருந்தது. எனவே இந்தியாவுக்குப் போவதற்கு முன்பே எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தச் சோதனை) எடுத்து, மருத்துவக் கிளினிக்கில் மருந்தைச் சரிப்படுத்துங்கள். பிரஷரும் அப்படித்தான். சோற்றைக் குறைக்கச் சொல்லி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. வயலும் தோட்டமுமாக இருக்கும் வீட்டில் மூன்று நேரமும் அரிசிச் சாப்பாடு என்பது எனக்கும் தெரியும். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்குவது, தேத்தண்ணிக்குச் சீனியை விடுவது, இந்த இரண்டையுமாவது இன்றைக்கே தொடங்குங்கள். இன்சுலின் போடச் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

பிளாக் வைப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா பயப்படாமல் இருக்க. பிளாக் என்பது ஒரு சின்னக் கிண்ணம் போன்ற தகடு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. றுத்தேனியத் தகடு வெள்ளியால் ஆனது, ஒரு மில்லிமீற்றர்தான் தடிப்பு. மயக்க மருந்து அல்லது மரத்துப்போகச் செய்யும் ஊசி கொடுத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய மெல்லிய தோலைப் பிரித்து, கட்டி இருக்கும் இடத்துக்கு நேர்ப் பின்னால் அதைத் தைத்துவிடுவார்கள். கண் உருண்டைக்குள் கத்தி போவதில்லை. கணக்குப் போட்ட மணிநேரம் அல்லது நாட்கள் அது அங்கே இருக்கும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் இன்னொரு சின்னச் சத்திரசிகிச்சையில் கழற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் தனி அறை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கிட்ட வரக்கூடாது. கழற்றிய நிமிடத்திலிருந்து அம்மாவின் உடம்பில் கதிர் எதுவும் இல்லை. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். கண்ணை அசைக்கும் தசை ஒன்றைத் தற்காலிகமாகப் பிரிக்க வேண்டி வந்தால் சில கிழமைகளுக்கு ஒன்று இரண்டாகத் தெரியலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். கட்டி உடனே மறையாது. மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கி, கடைசியில் ஒரு தழும்பு நிற்கும். முதல் ஸ்கானில் கட்டி அப்படியே இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி: ஊசி. கண்ணுக்குள் போடும் பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்ற மருந்துகள் குழாய்க் கசிவைக் குறைக்கின்றன. சீனி வருத்தத்துக்குப் போடும் அதே மருந்துகள்தான். பெவசிசுமாப்பை அவாஸ்டின் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றில் அதுதான் விலை குறைந்தது. இரண்டு விதமாகப் போடுகிறார்கள். ஒன்று, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கானில் வீக்கம் தெரிந்த பிறகு, நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை. மற்றது, வீக்கம் வருவதற்கு முன்பே, பிளாக் வைத்த காலத்திலிருந்து நாலு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம். பிலடெல்பியாவில் இப்படி முன்கூட்டிப் போட்டவர்களை, ஊசி போடாமல் விட்ட முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டபோது நாலு வருடம் கழித்தும் பார்வை மேலாக இருந்தது. சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வு இல்லை அது, அதனால் எல்லா நிபுணர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் கட்டி மையத்துக்குக் கிட்ட, சீனி வருத்தமும் உண்டு என்ற அம்மாவின் நிலையில், "முன்கூட்டியே ஊசி போடுவீர்களா?" என்று நிபுணரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கேளுங்கள். ஸ்டீரொயிட் மருந்தையும் சிலருக்குக் கண்ணுக்குள் வைப்பார்கள். அது கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் அழுத்தம் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும்.

ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் வேண்டாம், ஒட்டுசுட்டான் பக்கம். கதிர் வைத்து ஊருக்கு வந்து ஒரு வருடம் அருமையாக இருந்தார். பலகையில் 6/9 வரை வாசித்தார். "இனி என்னத்துக்கு வீணாக பஸ்ஸில் அலைவான்" என்று கிளினிக்கை விட்டுவிட்டார். காலபோகம் விதைப்பு, பிறகு அறுவடை, பிறகு சிறுபோகம். வேலைக்கு ஓய்வு ஏது? திரும்பி வந்தபோது கிளினிக் வாசலில் மகனின் முகத்தை அந்தக் கண்ணால் பார்க்கச் சொன்னேன். "தலை தெரியுது, காது தெரியுது, நடுவிலை முகத்தைக் காணேல்லை" என்றார். வலியில்லை, சிவப்பில்லை, மற்றக் கண் நன்றாக இருந்ததால் குறைந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஸ்கானில் வீக்கம் வற்றி, நடுப்பகுதி மெலிந்துபோயிருந்தது. ஊசிக்கு அங்கே வேலை மிச்சமில்லை.

ஆகவே வீட்டில் இதைச் செய்யுங்கள். பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் சின்னச் சதுரங்கள் போட்ட பக்கம் ஒன்றை எடுத்து, நடுவில் பேனையால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, சுவரில் நல்ல வெளிச்சத்தில் ஒட்டுங்கள். கிழமைக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி, ஒரு முழத் தூரத்திலிருந்து இடது கண்ணால் புள்ளியைப் பார்க்கட்டும். கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்கேயாவது வளைகின்றனவா, ஒரு பகுதி மங்கலா அல்லது காணவில்லையா? முதல் நாளிலேயே கட்டியால் ஒரு பக்கம் வளைவு தெரியலாம். அதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். பிறகு அது பெருத்தால் அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்காமல் போங்கள். இது ஸ்கானுக்குப் பதிலாகாது. ஸ்கானை முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுக்க வேண்டும், கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும். கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று நீங்கள் போகக்கூடிய கண் பிரிவுகளில் ஓ.சி.டி. எங்கே எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இந்தியாவுக்குப் போக ஆராலும் முடியாது, தேவையும் இல்லை. வீக்கத்தைப் பார்ப்பதும் ஊசி போடுவதும் இங்கேயே பழகிய வேலை.

சில நிலைமைகளில் அதே நாள் ஓட வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலித்து, தலையிடியும் சத்தியும் வந்தால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். இரத்தம் போகாத விழித்திரையால் புதிய கெட்ட குழாய்கள் முளைத்து நீர் வடியும் வழியை அடைப்பதால் வருவது அது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலியும் சிவப்பும் பார்வைக் குறைவும் வந்தால் கிருமித் தொற்று. திடீரென்று கரும்புகை பரவினாற்போல மறைத்தால் உள்ளே இரத்தக் கசிவு. இவற்றுக்கு மாவட்ட வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், கதிர் வைத்த கண் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வன்னி ஆட்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. அம்மாவின் உடம்பில் ஷெல் பீஸ் ஏதாவது இருக்கிறதா? 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர்கள் பலருக்கு, எடுக்காமல் விட்ட துண்டுகள் இன்னமும் உள்ளே இருக்கின்றன. சிலருக்கு இருப்பதே தெரியாது. கண்ணுக்கோ ஈரலுக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், முன்பே இதைச் சொல்லி எக்ஸ்றே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலத்த காந்தம் இரும்புத் துண்டை நகர்த்திவிடக்கூடும். இந்தியாவில் இருக்கும் வைத்தியருக்கு இதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

அதேபோல மற்றக் கண். உங்கள் கேள்வியில் வலது கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த நோய் இரண்டு கண்ணிலும் வருவது மிக மிக அரிது; இடது கண்ணின் கதிர் வலது கண்ணின் பார்வையைக் கெடுப்பதில்லை. வலது கண் 6/6, 6/9 என்று இருந்தால் அம்மா சமைப்பார், தைப்பார், கோயிலுக்குத் தனியாகப் போவார். தூரம் மதிப்பிடுவதில்தான் தடுமாற்றம் வரும்: தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகும், படி இறங்கும்போது கால் தேடும். சூட்டுப் போத்தலின் வாயைக் கோப்பை விளிம்பில் தொட வைத்து ஊற்றட்டும். படியில் காலால் விளிம்பைத் தொட்டு இறங்கட்டும். சில மாதத்தில் மூளை பழகிவிடும். ஏ-9 வீதியைக் கடக்கும்போது இடது பக்கம் தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வெறும் கண்ணைத் திருப்பினால் போதாது.

அந்த நல்ல கண்ணை இனிப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். நெல்லுத் தூற்றும்போதும் விறகு கொத்தும்போதும் கண்ணாடி போடச் சொல்லுங்கள், பவர் இல்லாவிட்டாலும் உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி. நெல் உமியோ வரம்புப் புல்லோ கண்ணில் அடித்து, அதில் பூஞ்சணம் பிடித்துக் கருவிழி வெந்துபோய் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விட்டுப் பார்த்துக் கடைசியில் வருவார்கள். ஒரு கண்ணை நம்பி இருப்பவருக்கு அந்த ஒரு கிழமைத் தாமதம் தாங்காது. ஒருவேளை வலது கண் யுத்தத்தில் பாதிக்கப்பட்டு, நோய் வந்ததுதான் பார்க்கும் கண் என்றால், உடனே எனக்கு எழுதுங்கள். அதைச் சிகிச்சைக்கு முன்பே நிபுணரிடம் தனியாகச் சொல்லவும் வேண்டும். எந்தக் கதிர், எந்தத் தகடு, எப்போது ஊசி என்ற திட்டமே அப்போது மாறக்கூடும்.

ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மெலனோமா பரவினால் முதலில் போவது பெரும்பாலும் ஈரலுக்கு. கண்ணில் கட்டி அடங்கிய பிறகும், வருடங்கள் கழித்தும் வரலாம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கான் எடுக்கும் திட்டத்தைக் கண் கிளினிக்கோடு சேர்த்தே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்பதால் இதை விடக்கூடாது.

கடைசியாகப் பத்திரங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றி இடுப்போடு வைத்திருந்த ஆட்கள் நாம். அதே கவனம் இப்போதும் வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பும்போது டிஸ்சார்ஜ் கார்ட் மட்டும் போதாது. கட்டியின் உயரம், அகலம், நடுக்குழியிலிருந்தும் பார்வை நரம்பிலிருந்தும் எத்தனை மில்லிமீற்றர் தூரம், கட்டியின் உச்சிக்கும் நடுக்குழிக்கும் நரம்புக்கும் எத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர் போனது, பிளாக் எத்தனை மணிநேரம் இருந்தது, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். முதல் நாள் எடுத்த கண் படமும் ஓ.சி.டி.யும் பிரதியாக வாங்குங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பி வையுங்கள். நடுக்குழிக்குப் போன கிரே அளவைப் பார்த்தாலே, இங்கே இருக்கும் நிபுணருக்கு எவ்வளவு கவனமாக, எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும் என்று விளங்கிவிடும். பயணத் திகதி முடிவானதும், நடுக்குழியிலிருந்து கட்டியின் விளிம்பு எத்தனை மில்லிமீற்றர் என்று அறிக்கையில் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அது தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்லலாம்.